வாசகர் கேள்வி – பதில்: ஸ்டேக் கேட்ட பதத்தில் வராதபோது

கேள்வி: டாலஸில் உள்ள மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகளின் பிறந்தநாளுக்காக, பல ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு ஸ்டேக் (சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) உணவகத்துக்குச் சனிக்கிழமை மாலை போனோம். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகே இடம் கிடைத்தது. மகன் ‘மீடியம்’, அதாவது நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும் நடுத்தர வேக்காடு, கேட்டான். உள்ளே சற்றும் சிவப்பில்லாமல் வறண்டு வந்தது. மருமகளின் தட்டிலோ சிவப்பு நீர் தேங்கியிருந்தது. இரத்தம் என்று அருவருத்துப் பாதியிலேயே வைத்துவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு, டிப்ஸ் வைக்காமல் வந்துவிட்டோம். நாங்கள் செய்தது சரிதானா?

பதில்: டிப்ஸ் வைக்காதது சரியில்லை. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வந்ததுதான். பந்தியில் உட்கார்ந்து குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த நாகரிகம், நம்மை அழைத்தவர் வீட்டு விருந்துக்கு உரியது. எந்தப் பதத்தில் வேண்டும் என்று அவர்களே கேட்டு எழுதிக்கொண்டு, விலையும் வாங்கிக்கொள்ளும் ஓர் உணவு அந்தப் பதத்தில் வரவில்லை என்றால், அதை எடுத்துச் சொல்வது யாருக்கும் அவமரியாதை ஆகாது.

மகனுக்கு வந்த துண்டு ஏன் வறண்டது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் இறைச்சியின் உள்வெப்பம் சில டிகிரி ஏறிக்கொண்டே போகும். கூட்டம் மிகுந்த சனிக்கிழமை மாலையில், மேசைக்குரிய மற்ற தட்டுகள் தயாராகும்வரை அது வெப்ப விளக்கின் கீழ் காத்திருந்தால் மீடியம் என்பது, அதற்கு அடுத்த, கூடுதலாக வெந்த ‘மீடியம் வெல்’ பதத்தைத் தாண்டிவிடக்கூடும். 6 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள மெல்லிய சர்லாயின் (மாட்டின் பின் இடுப்புப் பகுதி இறைச்சி) துண்டில் இது எளிதில் நேரும். தடிமனான ஃபிலே (முதுகின் உட்பகுதி மென்தசை) துண்டு சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆகவே தட்டு வந்தவுடன், பரிமாறியவர் அங்கிருந்து நகர்வதற்கு முன்பே, துண்டின் நடுவில் கத்தியை வைத்து வெட்டிப் பாருங்கள். வேக்காடு போதவில்லை என்றால் மீண்டும் சுட்டுத் தருவார்கள். வேக்காடு மிஞ்சியதைச் சரிசெய்ய வழியில்லை என்பதால் புதிதாகத்தான் சுட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும் அறிந்தே கேளுங்கள். பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு சொன்னால் உங்கள் சொல்லுக்கு வலு இருக்காது.

மருமகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: அவர் தட்டில் கண்டது இரத்தம் அன்று. மாட்டை அறுக்கும்போதே இரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. தசையில் உள்ள மயோகுளோபின் என்னும் புரதம் இறைச்சியின் நீரோடு கலந்து அந்த நிறத்தைத் தருகிறது. ஆனாலும் பாதுகாப்பு என்பது வேறு செய்தி. முழுத் துண்டு மாட்டிறைச்சியின் உள்வெப்பம் 145 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 63 டிகிரி செல்சியஸை எட்டி, பிறகு 3 நிமிடம் ஆற வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. கொத்திறைச்சிக்கு அது 160 டிகிரி ஃபாரன்ஹீட், ஏனெனில் மேற்புறத்தில் இருக்கும் கிருமிகள் அரைக்கும்போது உள்ளே கலந்துவிடுகின்றன. மீடியத்தைவிடக் குறைவாக வெந்த ‘மீடியம் ரேர்’ ஏறத்தாழ 130 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே எடுக்கப்படுவது. முதியவர்களும் கருவுற்ற பெண்களும் ‘மீடியம் வெல்’ அல்லது அதற்கு மேல் கேட்பதே நல்லது. நீங்களும் அப்படியே கேளுங்கள்.

இனி டிப்ஸ். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூலி, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவில்லை. டாலஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் நடைமுறையில் இருப்பதும் இதுவே. டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பரிமாறுபவர் குடும்பம் நடத்துவது உங்களைப் போன்றவர்கள் வைத்துவிட்டுப் போகும் பணத்தில்தான். இறைச்சியைச் சுட்டவர் வேறு, அதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவர் வேறு. அடுக்களையின் பிழைக்கு மேலாளரை அழைத்துப் பேசுங்கள். அந்தத் தட்டின் விலையைக் கழிப்பதோ மாற்றித் தருவதோ அவரால் முடியும். பரிமாறியவருக்கு வழக்கமான 15 முதல் 20 விழுக்காட்டை வைத்துவிடுங்கள்.

கேள்வி: பட்டியலில் 12 அவுன்ஸ் என்று போட்டிருக்கும் துண்டு, தட்டில் அதைவிடச் சிறியதாகத் தெரிகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அது சுடுவதற்கு முந்தைய எடை. நீரும் கொழுப்பும் வெளியேறுவதால் ஏறத்தாழ கால் பங்கு வரை குறையும். வேக்காடு கூடக் கூட இழப்பும் கூடும். ‘வெல் டன்’, அதாவது முழுதும் வெந்தது, கேட்பவருக்கே துண்டு மிகச் சிறியதாகத் தெரியும்.

கேள்வி: நான் சைவம். அலுவலக நண்பர்கள் என்னையும் இத்தகைய உணவகத்துக்கு அழைக்கிறார்கள். எதைச் சாப்பிடலாம்?

பதில்: போய் வாருங்கள், ஆனால் பெயரை மட்டும் பார்த்து எதையும் நம்ப வேண்டாம். பீன்ஸைப் பன்றி இறைச்சித் துணுக்குகளோடு சமைப்பது அங்கே சாதாரணம். சில இடங்களில் உருளைக்கிழங்கு வறுவலையும் வெங்காய வறுவலையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். சூப்பின் அடிச்சாறு இறைச்சியுடையதாக இருக்கலாம். எண்ணெய் எது, சாறு எது என்று பரிமாறுபவரிடம் நேராகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அடுக்களையில் விசாரித்து வருவார். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கை, மேலே பன்றி இறைச்சி தூவாமல், வெண்ணெயோடு மட்டும் கேட்டு வாங்கலாம். டெக்சாஸ் ரோட்ஹவுஸ் என்னும் ஸ்டேக் உணவகத்தின் கிளைகளில் உட்கார்ந்தவுடன் வரும் சூடான ரொட்டியும் இலவங்கப்பட்டை வெண்ணெயும் பலருக்குப் பிடித்தவை. அதே உணவகம் வேர்க்கடலைக்கும் பெயர் பெற்றது என்பதால், உங்களோடு வருபவர்களில் யாருக்கேனும் கடலை ஒவ்வாமை இருந்தால் இடத்தை முடிவு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.