பாட்டே ஓடவில்லை, ஹீட்சிங்க் ஏன் கொதிக்கிறது? பயாஸ் பற்றிச் சில கேள்விகள்

5200, 1943 அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட ஆம்ப்ளிஃபையர். பாட்டு ஓடாதபோதே ஹீட்சிங்க் கொதிக்கிறது. பயாஸை மாற்றத் திருகும் சின்ன ரெசிஸ்டரை, அதாவது பிரீசெட்டை, குறைத்தாலும் அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது.

பயாஸ் என்பது பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் கரண்ட் ஓட வைக்கும் வோல்டேஜ். அதைக் கொடுக்கும் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர், பிடி139, எங்கே இருக்கிறது? போர்டில் தனியாக நின்றால் கோளாறு அங்கேதான். டிரான்சிஸ்டரில் ஒரு டிகிரி சூடு ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். பயாஸ் மட்டும் இறங்காமல் நின்றால் கரண்ட் கூடும், அதனால் சூடு கூடும், அதனால் மறுபடி கரண்ட். கடைசியில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும், போகிற போக்கில் ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். அவுட்புட் இருக்கும் அதே ஹீட்சிங்கில், அதன் பக்கத்திலேயே பிடி139-ஐ ஸ்க்ரூ போட்டு முறுக்குங்கள். அதன் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது; நடுவில் கரண்ட் கடத்தாத மைக்காத் தகட்டை மறக்க வேண்டாம்.

சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டை எத்தனை மில்லிஆம்பில் வைப்பது? ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 100.

அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லாமல் கேட்டால் இரண்டு பேரும் சரிதான்! எச்பி நிறுவனத்தின் பார்னி ஆலிவர் 1971-இல் கணக்குப் போட்டுக் காட்டியது இது: எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே ஏறக்குறைய 26 மில்லிவோல்ட் நின்றால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், அதாவது ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து மற்றதுக்கு வேலை கைமாறும் இடத்தில் வரும் சிதைவு, மிகக் குறையும். 0.22 ஓமுக்கு அது 118 மில்லிஆம்ப். டிரான்சிஸ்டருக்குள்ளேயே கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு என்பதால் நடைமுறையில் சற்றுக் குறைவாக வைக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் சத்தம் இன்னும் சுத்தமாகும் என்பது தப்பு. டிஸ்டார்ஷன் மறுபடி கூடும்.

சப்ளை பிளஸ் மைனஸ் 45 வோல்ட் என்றால் 118 மில்லிஆம்பில் ஒரு ஜோடி சும்மா இருக்கும்போதே பத்து வாட்டுக்கு மேல் சூடாக்கும். ஹீட்சிங்க் சின்னதா? 11 மில்லிவோல்டில், அதாவது 50 மில்லிஆம்பில் நிறுத்துங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டை ஷார்ட் செய்து, கால் மணி நேரம் சூடான பிறகு அளக்க வேண்டும். பாதுகாப்புக்காக மெயின்ஸ் லைனில் சீரிஸ் பல்பு போட்டுச் செட் செய்த அளவை நம்பாதீர்கள். பல்பை எடுத்ததும் மாறும்.

பிரீசெட்டைத் திருப்பும்போதே ஃபியூஸ் போனது. ஏன்?

பழைய பிரீசெட்டில் நடுக்கால் தொடர்பு விட்டுப்போவது சகஜம். அது கலெக்டர்-பேஸ் பக்கம் இருந்தால் பிடி139 ஆஃப் ஆகி, பயாஸ் உச்சத்துக்குப் போய்விடும். பேஸ்-எமிட்டர் பக்கம் மாற்றிப் போடுங்கள். அங்கே ஓப்பன் ஆனால் பயாஸ் இறங்கும். சத்தம் கரகரக்கும், அவ்வளவுதான்.

பிடி139-க்குப் பதில் இரண்டு 4148 டையோடு போதுமா?

ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் என்றால் போடலாம். உங்கள் போர்டில் டிரைவரும் அவுட்புட்டுமாக நான்கு பேஸ்-எமிட்டர் ஜங்ஷன் இருக்கின்றன, ஒன்றுக்குச் சுமார் 0.6 வீதம் 2.4 வோல்ட் வேண்டும். இரண்டு டையோடு எட்டாது.