கடல் மாசு பற்றிச் சொல்லப் புராணக் கதைகள் உதவுமா?

உதவும். ஆனால் சிவன் வருவதற்கு முன்பே கதையை நிறுத்திவிட வேண்டும்.

நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கதைசொல்லி. இதற்குப் பாற்கடல் கடைந்த கதையைத்தான் எடுப்பேன். தரையில் நீலத் துணி, நடுவில் மந்தர மலைக்கு ஒரு முக்காலி, அதைத் தாங்கும் ஆமையாக ஒரு பையன். இரு பக்கமும் பிள்ளைகள் கயிற்றை இழுப்பார்கள். எல்லோருக்கும் அமுதம்தான் வேண்டும். முதலில் வருவதோ ஆலகால விஷம். அந்த இடத்தில் ஒரு கண்ணாடி ஜாடியைக் குலுக்குவேன். தெளிந்திருந்த தண்ணீரில் அடியிலிருந்து கலர் கலராக பிளாஸ்டிக் துணுக்குகள் கிளம்பும்.

ஒருமுறை ஒரு சிறுமி கயிற்றை விடாமலே கேட்டாள், “அதான் சிவன் குடிச்சிடுவாரே, அப்புறம் என்ன?”

“இன்னைக்கு அவர் வரலைன்னு வச்சுக்கோ.”

யாரும் பேசவில்லை. முக்காலிக்கு அடியிலிருந்து ஆமை கத்தியது: “முதல்ல கயித்த விடுங்கடா, முதுகு வலிக்குது!”

அவன் சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல? சிரிப்பு அடங்கியதும் ஆமையிலிருந்தே ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் பையை ஜெல்லிமீன் என்று நினைத்து விழுங்குவது, கைவிட்ட நைலான் வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் சாவது. ஜாடியில் இருப்பது மக்காது, உடைந்து உடைந்து சிறுத்துக்கொண்டே போகும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மைக்ரோபிளாஸ்டிக். பாலியஸ்டர் துணியைத் துவைத்தாலும் வரும், டயர் தேய்ந்தாலும் வரும். இதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு; கதையிலும் கயிற்றை இழுத்தது தேவர்களும் அசுரர்களும் சேர்ந்துதானே?

உடனே ‘அறிவியலில் புராணத்தைக் கலக்காதே’ என்று ஒருவர் வருவார். ஐயா, ஆலகாலம்தான் பிளாஸ்டிக், முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. கதை கதையாக இருக்கட்டும், 5 மில்லிமீட்டர் 5 மில்லிமீட்டராக இருக்கட்டும். சாமி கதையைப் பாதியில் வெட்டலாமா என்று வருத்தப்படுகிறவர்கள் வடதுருவப் பக்கத்தில் வாழும் இனுயிட் மக்களின் கடல் தெய்வமான செட்னாவின் கதையைச் சொல்லலாம். மனிதர் செய்யும் தப்பெல்லாம் கடலடியில் இருக்கும் அவள் கூந்தலில் அழுக்காகச் சேரும். அவள் கோபத்தில் சீல்களையும் திமிங்கிலங்களையும் பிடித்து வைத்துக்கொள்வாள். ஷாமன், அதாவது ஆவிகளோடு பேசும் பூசாரி, ஒருவர் இறங்கிப் போய்த் தலை வாரிவிட வேண்டும். அதாவது அழுக்கை எடுக்க மனிதன்தான் போகவேண்டும். ஒருவகையில் நம் கதையைவிட இதற்கு அதுதான் பொருத்தம்.

கேட்ட பிள்ளைகள் எல்லாம் மாறிவிட்டார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் மைக் செட்டுக்குப் பணம் உண்டு, பேனருக்கு உண்டு. கதைசொல்லிக்கு மட்டும் ‘சேவைதானே சார்’. அதோடு ‘பத்து நிமிஷத்தில் முடிச்சுடுங்க, கடைசியில் ஒரு நீதி சொல்லிடுங்க’ என்பார்கள். நீங்கள் போனால் தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.