வாசகர் கேள்வி – பதில்: அப்பாவின் பெயருக்கு எதற்கு வாக்கு?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், இலங்கை ஜனாதிபதித் தேர்தலும் அரசியல் குடும்பங்களும். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் பெரிதாகப் பேசப்பட்ட நாலு பேரில் ரணில் விக்கிரமசிங்க, சஜித் பிரேமதாச, நாமல் ராஜபக்ச மூவரும் அரசியல் குடும்பத்து ஆட்கள். எங்கள் வீட்டில் மூவரையும் நம்ப ஒருவரும் தயாராக இருக்கவில்லை. "பிறந்த வீட்டை வைத்து ஆளை ஒதுக்குவது சரியில்லை" என்று அப்பா மட்டும் சொன்னார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகி, கொக்குவில்

பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் உங்கள் பக்கம்தான். யாருடைய மகனாகப் பிறப்பது என்பது ஒருவர் கையில் இல்லை, சரி. ஆனால் அந்தப் பிறப்பு ஒருவருக்குக் கட்சியை, வேட்புமனுவை, மேடையை எல்லாம் வரிசையில் நிற்காமலே எடுத்துக் கொடுக்கிறது. அப்படி வந்தவரைப் பார்த்து "இது பிழை" என்று சொல்லக் கட்சிக்குள் ஓர் ஆள் மிஞ்சுவதில்லை. சனம் பயப்படுவது இதற்குத்தான்.

2021இல் நாடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. பிரதமர் அவருடைய அண்ணன் மஹிந்த. நிதி அமைச்சர் தம்பி பசில். மூத்த அண்ணன் சமல் ஓர் அமைச்சர், மஹிந்தவின் மகன் நாமல் இன்னோர் அமைச்சர். 2019 முடிவில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், திறைசேரிக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள், வயலில் விளைச்சல் விழுந்தது. இதையெல்லாம் அமைச்சரவையில் யார் எதிர்த்திருக்க முடியும்? ஜனாதிபதியோடு முரண்பட்டால் பிரதமரிடம் போய் முறையிடலாம் என்பது மற்ற நாடுகளில். இங்கே பிரதமரிடம் போனாலும் அதே வீடு, நிதி அமைச்சரிடம் போனாலும் அதே வீடு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, 13 மணித்தியால மின்வெட்டு, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போனது, எல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே கோட்டாபய, மஹிந்த, பசில் மூவரும் வேறு சில அதிகாரிகளும் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆக, உங்கள் வீட்டில் இருந்த சந்தேகம் பொறாமையில் வந்ததில்லை, பட்டு வந்தது. அப்பாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த வேட்பாளரின் கட்சியில் இவருக்குப் பதிலாக வேறு யாராவது நின்றிருக்க வழி இருந்ததா? இருந்தது என்றால் அவர் யார் பிள்ளையாக இருந்தாலும் ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம். இல்லை என்றால் சந்தேகம் நியாயமானது.

கேள்வி: ரணிலுக்குப் பிள்ளைகள் இல்லை. சஜித்தின் தகப்பன் பிரேமதாச பெரிய வீட்டில் பிறந்தவரும் இல்லை. இவர்களை ராஜபக்சக்களோடு ஒரே கட்டில் கட்டுவது அநியாயம் இல்லையா?
– வாசகர், மதுரை

பதில்: ஒரே கட்டில் கட்டவில்லை. மூன்றும் மூன்று விதம்.

ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சியின் கதை தொடக்கத்திலிருந்தே உறவுக்காரர் கதை. டி.எஸ். சேனாநாயக்க 1952இல் இறந்ததும் மகன் டட்லி பிரதமர், அடுத்த ஆண்டு மருமகன் முறையான கொத்தலாவல. 'மாமன் மருமகன் கட்சி' என்று அந்தக் காலத்திலேயே சனம் பெயர் வைத்துவிட்டது. ஜே.ஆர். ஜெயவர்த்தனவுக்கு ரணில் மருமகன் முறை. ஆனால் ரணில் விஷயத்தில் எனக்கு உறவைவிடப் பெரிய உறுத்தல், 2020 பொதுத் தேர்தலில் அவர் தொகுதியிலேயே தோற்றார், கட்சிக்கு நாடு முழுக்க ஒரே ஓர் ஆசனம், அதுவும் நாடளாவிய வாக்கு வீதத்தை வைத்துக் கட்சிகளுக்குத் தரும் தேசியப் பட்டியலில் கிடைத்தது. அந்த ஒன்றில் அடுத்த ஆண்டு அவரே போய் உட்கார்ந்து, 2022 மே மாதம் பிரதமராகி, ஜூலையில் பாராளுமன்றத்தின் 134 வாக்குகளோடு ஜனாதிபதியும் ஆகிவிட்டார். அந்த 134இல் பெரும்பகுதி, 2022 போராட்டத்தில் மக்கள் கொழும்பு காலிமுகத்திடலில் நின்று போகச் சொன்ன அதே ராஜபக்ச கட்சியின் வாக்குகள். வரிசைகள் அவர் காலத்தில் ஒழிந்தன என்பதை மறைக்கக் கூடாது. அதை நினைவூட்டத்தானோ என்னவோ 2024இல் எரிவாயு சிலிண்டரைச் சின்னமாக வைத்து நின்றார். நன்றி சொன்னவர்களும் பலர் வாக்கை வேறு பக்கம் போட்டார்கள், 17.27 சதவீதம்தான் கிடைத்தது.

சஜித்தின் கதை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ரணசிங்க பிரேமதாச கொழும்பு கெசல்வத்தையில் சாதாரண வீட்டில் பிறந்து, மாநகர சபையிலிருந்து படிப்படியாக ஏறி, குடும்பக் கட்சி என்று பெயரெடுத்த அதே ஐக்கிய தேசியக் கட்சியில் 1989இல் ஜனாதிபதியாக வந்தவர். பெரிய வீட்டுக்காரர் மட்டும்தான் ஆளலாம் என்பதை உடைத்த அந்த ஆளின் பெயரே அடுத்த தலைமுறையில் ஒரு பரம்பரைச் சொத்தாக மாறிவிட்டது. சஜித் ஊர் ஊராகத் திரிந்து வேலை செய்கிறவர்தான், 2020இல் ரணிலை விட்டுப் பிரிந்து தனிக் கட்சி நடத்திக் காட்டினார். இருந்தும் வீட்டுத் திட்டம், கிராம எழுச்சி என்று அவர் மேடையில் ஏறும்போதெல்லாம் தகப்பனும் கூடவே ஏறுகிறார்.

கேள்வி: தமிழ் வாக்காளர்களுக்கு இந்தக் குடும்ப அரசியல் ஒரு பிரச்சினையே இல்லை, இனப் பிரச்சினை மட்டும்தான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், டொரொண்டோ

பதில்: பாதி உண்மை. தெற்கில் ஒரு குடும்பப் பெயரைக் கேட்டால் ஊழல், கடன் என்று நினைவு போகும். எங்களுக்கு அதே பெயர்கள் வேறு கணக்கு. பண்டாரநாயக்க என்றால் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டம். ஜே.ஆர். என்றால் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 83 ஜூலை இனக்கலவரம். ராஜபக்ச என்றால் 2009 இறுதிப்போர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாரிசை மனதார நம்பினோம் என்பதை இளம் ஆட்கள் அறியமாட்டார்கள். 1994இல் பண்டாரநாயக்கவின் மகள் சந்திரிகா ஆட்சிக்கு வந்தபோது யாழ்ப்பாணச் சந்தையில் 'சந்திரிகா காப்பு' என்று ஒரு காப்பு விற்றது, பெண் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போட்டார்கள். தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்தவரின் மகள் என்று தெரிந்துதான் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது, ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்கப் பெட்டி படுக்கையோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தார் போட்ட வாக்குகளில் பலது நம்பிக்கையில் போட்டதில்லை. 2019இல் யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 83 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, எதிரே நின்றவர் கோட்டாபய என்பதற்காக. 2024இல் அந்தப் பயம் இல்லை. சஜித்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கியது, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் கிட்டத்தட்ட அவருக்குச் சமமாக வந்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குடும்பம் இல்லாதவர் என்பதே ஒரு தகுதியாகிவிடாது. 2024இல் வென்ற அநுரகுமார திசாநாயக்க தம்புத்தேகமவில் எளிய வீட்டுப் பிள்ளை. ஆனால் அவருடைய கட்சியான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) வழக்குப் போட்டுத்தான் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று 2006இல் தீர்ப்பு வந்தது. யாழ் மாவட்டத்தில் அவருக்கு 7 சதவீதமளவில்தான் வாக்கு விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மாதம் கழித்து நடந்த பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் ஜே.வி.பி. தலைமையிலான அவருடைய தேசிய மக்கள் சக்திக் கூட்டணி 6 ஆசனங்களில் 3ஐ எடுத்தது! அந்த மாற்றத்தில் எங்கள் சொந்தத் தமிழ்க் கட்சிகள் மேல் இருந்த சலிப்பும் கலந்திருந்தது.

கேள்வி: சிங்களத் தலைவர்களை மட்டும் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் குடும்ப ஆட்சி இல்லையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: இருக்கிறது. உங்கள் ஊரிலேயே தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான், பேரன் ஆறுமுகன், அவருடைய மகன் ஜீவன். யாழ்ப்பாணத்தில் ஜி.ஜி. பொன்னம்பலம், 1982இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற குமார் பொன்னம்பலம், இப்போது கஜேந்திரகுமார். ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு, குமார் தன் அரசியலுக்காக உயிரையே கொடுத்தவர். ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண் தன் சங்கத்துக்கே தலைவியாக வர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021இல்தான் வந்தது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் கூடையைத் தலையில் மாட்டிப் பழகிய ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இவ்வளவு இழுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: நாமலுக்கு 2.57 சதவீதம்தான். அந்தக் குடும்பத்தின் கதை முடிந்ததா?
– வாசகர், வவுனியா

பதில்: முடிந்தது என்று நான் எழுதமாட்டேன். 2019இல் கோட்டாபயவுக்கு 69 இலட்சத்து 24 ஆயிரம் வாக்கு, 2024இல் நாமலுக்கு 3 இலட்சத்து 42 ஆயிரம். பெரிய வீழ்ச்சிதான். ஆனால் 2019இல் அநுரவுக்குக் கிடைத்ததும் வெறும் 3.16 சதவீதம், ஐந்தே ஆண்டில் அவர் ஜனாதிபதி. நாமல் அடுத்து வந்த பாராளுமன்றத்துக்குத் தேசியப் பட்டியல் வழியாகப் போய்விட்டார், அவருக்கு வயதும் இருக்கிறது. விலைவாசி ஏறி, இந்த அரசாங்கமும் சலித்துப்போனால் பழைய பெயர் மெல்ல இனிக்கத் தொடங்கும்.

கேள்வி: ஒருவரிலும் முழு நம்பிக்கை இல்லாதபோது என்ன செய்வது? நான் 2024இல் வாக்களிக்கப் போகவில்லை.
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: போயிருக்கவேண்டும். உங்கள் தயக்கத்தை எழுதிக் காட்டவே அந்தச் சீட்டில் வழி இருக்கிறது. 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 யாருக்கு என்று எண்ணுவார்கள். 2024இல்தான் முதல் தடவையாக இது நடந்தது. அநுரவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31, சஜித்துக்கு 32.76. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேல், அவற்றில் இந்த இருவரில் ஒருவருக்கு விருப்பு வாக்காகப் போய்ச் சேர்ந்தவை வெறும் 2 இலட்சத்து 73 ஆயிரம் அளவில்தான். பலர் ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள், இலக்கம் போடாமல் புள்ளடி (X) மட்டும் போட்டவர்களும் உண்டு. அடுத்த முறை பிடித்த சின்ன வேட்பாளருக்கு 1 போடுங்கள், வெல்லக்கூடிய இருவரில் பொறுத்துக்கொள்ளக் கூடியவருக்கு 2 போடுங்கள். 1 போட்ட அதே சீட்டில் புள்ளடியும் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.