வாசகர் கேள்வி – பதில்: ஞாயிற்றுக்கிழமை கார் வகுப்பு

கேள்வி: எங்கள் ஒர்க் ஷாப் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் கிடக்கிறது. தங்கள் காரைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பத்துப் பேர், கற்றுத் தரச் சொல்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துக் காட்டலாமா? எதில் தொடங்குவது?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: எஞ்சின் பக்கமே போகாதீர்கள். பிரித்த எஞ்சினைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றால் ஒருவர் வேலை செய்வார், ஒன்பது பேர் போனில் படம் எடுப்பார்கள். ஒரு காருக்கு நான்கு பேர் போதும். இரண்டு பேர் வேலை செய்ய, இரண்டு பேர் பார்க்கட்டும். பிறகு ஆள் மாறட்டும். பத்துப் பேரையும் ஒரே நாளில் கூப்பிடாமல் மூன்று அணியாகப் பிரித்து, தனித்தனி வாரத்தில் வரச் சொல்லுங்கள்.

முதல் வகுப்பு முழுவதும் காரைத் தூக்கி இறக்குவதுதான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வீல் நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும்; தூக்கிய பிறகு பலம் போட்டால் ஜாக்கி சரியும். மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உடனே ஜாக்கி ஸ்டாண்டில் (காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) இறக்குங்கள். அப்புறம் காரை இடுப்பால் ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் இறக்கி மறுபடி வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாராவது தலையை விட்டால் அன்றைய வகுப்பை அதோடு நிறுத்துங்கள். இதில் தயவே காட்டக் கூடாது.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்க வேண்டும். கடைசி முடுக்கு டார்க் ரெஞ்சில், அதாவது எவ்வளவு பலத்தில் முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனரில். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான அளவு அந்தந்தக் காரின் மேனுவலில் இருக்கும்.

கேள்வி: வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்காட்டுக்கு அடிக்கடி போய்வருபவர்கள். இறங்கும்போது பிரேக் பெடல் திடீரென்று மெத்தென்று ஆகிவிடுகிறது என்கிறார்கள். இதை எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: சேலத்துக்காரர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது. ஒரு கணக்கோடு தொடங்குங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 1,100 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், சுமார் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இரண்டாம் கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் 20 கொண்டை ஊசி வளைவிலும் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு இதுவே 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும் என்பதால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறோம்.

இதைக் கையால் செய்யவைக்க வேண்டும். சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். “மிதி, பிடி” என்றதும் பெடல் அமுங்கி நிற்க வேண்டும். “திற” என்றால் நிப்பிள் கால் சுற்று. “மூடு” என்று சொல்லி நிப்பிள் மூடிய பிறகுதான் “விடு”. மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை பிரேக் ஆயில் டப்பாவில் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் தரை வரை போனால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் உருளை) ரப்பர் சீல், இதுவரை தொடாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியும். நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் மட்டும். ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். தொலைவிலுள்ள சக்கரம் முதலில் என்பது பழைய விதி. குறுக்காகக் குழாய் போட்ட கார்களில் வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும்.

பிரேக் பேடில் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) தேயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கழற்றிய காலிப்பரை (பேடை அழுத்தும் பிடி) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். தூசியை ஏர் அடித்து ஊத வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கலாம். புதுப் பேட் போட்ட பிறகு, காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் மிதி தரைக்குப் போகும், கார் எதிர்ச் சுவருக்குப் போகும்.

கேள்வி: ஆயில் மாற்றும் வகுப்பில் டிரெய்ன் நட்டின் (ஆயிலை வடிக்கக் கழற்றும் அடி நட்டு) மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: ஆயில் கசியுமோ என்ற பயத்தில்தான் அதிகமாக முடுக்குகிறார்கள். கசிவைத் தடுப்பது வாசர். ஒவ்வொரு முறையும் புது வாசர் கொடுங்கள். நட்டைக் கையாலேயே மூன்று சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர் தொட வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வைக்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழி: காயலான் கடையிலிருந்து ஒரு அலுமினியச் சம்ப் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) வாங்கி வந்து, மரை போகும்வரை ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே முடுக்கவிடுங்கள். போவதற்குச் சற்று முன் ஸ்பேனர் இளகிச் சுற்றும். அந்த இளக்கம் ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் தடுமாறும்போது ஸ்பேனரை நீங்கள் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வடித்த ஆயிலை எங்கே ஊற்றுவது?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: சாக்கடையில் ஒரு சொட்டுகூட வேண்டாம், திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற பழைய ஆயில் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பிரேக் ஆயிலையும் கூலன்ட்டையும் அதில் கலக்காமல் தனித்தனிக் கேன்களில் வையுங்கள். கலந்த ஆயிலைச் சுத்திகரிப்பது கடினம். ஃபில்டரை ஒரு இரவு கவிழ்த்து வைத்து வடித்த பிறகு ஒப்படையுங்கள்.