குடத்தின் கழுத்தில் ஒரு பாசிமாலை

கேள்வி: வீட்டிலேயே பாசிமாலையும் ஜிமிக்கியும் கோத்து வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தால் களையே இல்லை. வண்ணமாக இருக்கட்டும் என்று வளையல், குங்குமச் சிமிழ், ரோஜா இதழ் எல்லாம் சுற்றி வைத்து எடுத்தேன். பார்த்தவர்கள், "சிமிழ் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது கைப்பேசி மட்டும்தான். என்ன செய்யலாம்?

பதில்: சிமிழைக் கேட்டவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைத் திறந்ததும் என் கண்ணும் நேராக அங்கேதான் போனது. பித்தளைத் தாம்பாளத்தின் நடுவே கருநீலப் பாசிமாலை, அதில் இடையிடையே ஓர் ஆரஞ்சு மணி. சுற்றிலும் ஜிகினா ஒட்டிய ஒரு டஜன் வளையல், இதழ்கள், பளிச்சென்று அந்தச் சிவப்புச் சிமிழ். போதாக்குறைக்குத் தாம்பாளத்தின் விளிம்பில் உங்கள் கையும் கைப்பேசியும் தெரிகின்றன.

நிறம் கூடிப்போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. குறை, அளவில் இருக்கிறது. கடையில் 11ஆம் எண் என்று கேட்டு வாங்கும் பாசி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். கடுகைவிடச் சற்றுப் பெரிது. வளையலில் ஒட்டியிருக்கும் ஜிகினாப் பொட்டும் அதே அளவு. மாலை எங்கே முடிகிறது, வளையல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. பருப்பையும் அரிசியையும் பரப்பி, அதன்மேல் நகையை வைத்து எடுக்கிறார்களே, கெட்டிக் கல் பதித்த பெரிய பதக்கத்துக்கு அது சரி. பாசிக்கு ஆகவே ஆகாது. மதுரைச் சுங்குடியையும் பின்னால் விரிக்காதீர்கள். அதன் புள்ளியும் உங்கள் மணியும் சண்டை போட்டால் சுங்குடிதான் ஜெயிக்கும்.

பக்கத்தில் வைக்கும் பொருள் பெரிதாக, வேலைப்பாடு இல்லாமல், ஒரே நிறத்தில் இருக்கட்டும். வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பிளாஸ்டிக் குடம். சிரிக்காதீர்கள். குடத்துக்குக் கழுத்து இருக்கிறது, கழுத்துக்குக் கீழே சரிந்து இறங்கும் தோளும் இருக்கிறது. தட்டில் கிடக்கும் மாலை சுருண்ட நூல்தான். சிறிய குடத்தின் கழுத்தில் கொக்கியைப் பின்பக்கம் தள்ளி மாட்டினால், அணிந்தால் எப்படி விழுமோ அப்படி விழும். குடத்தில் உப்புக்கறை இருந்தால் முதலில் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கறையெல்லாம் படத்தில் தெரியும்.

எந்த நிறக் குடம்? மாலையில் ஆரஞ்சு இருக்கிறதே என்று ஆரஞ்சுக் குடத்தை எடுக்காதீர்கள். அந்த மணிகள் குடத்தின் நிறத்தில் கரைந்துபோய், மாலை பல் விழுந்த வாய் போல இருக்கும். வெளிர் மஞ்சள் எடுங்கள். கருநீலம் அதன்மேல் எழுந்து நிற்கும், ஆரஞ்சு மணியும் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆரஞ்சைக் கண் மறுபடியும் எங்காவது சந்திக்க வேண்டும் என்றால், குடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு கமலா ஆரஞ்சுப் பழத்தை, பாதி படத்துக்கு வெளியே போகும்படி வையுங்கள். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நிறப் பொருத்தம் சரியா என்று சந்தேகம் வந்தால், எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாலை தனியாகத் தெரிந்தால் சரி. பின்னணியோடு கலந்து சாம்பலாகிவிட்டால், எத்தனை வண்ணம் சேர்த்தும் பயனில்லை.

முத்துமாலைக்கு மட்டும் இந்த மஞ்சள் யோசனை செல்லாது. ஒருமுறை மஞ்சள் வாளிக்கு ஒட்டினாற்போல் வெள்ளை முத்துமாலையை வைத்து எடுத்துக் கொடுத்தேன். வாளியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முத்தையெல்லாம் சந்தன நிறமாக்கியிருந்தது, நான் கவனிக்கவில்லை. வாங்கியவர், "படத்தில் இருந்தது இது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளையும் ஒளி ஊடுருவும் கண்ணாடி மணியும் பக்கத்துப் பொருளின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். நிறப்பொருளை ஒரு சாணாவது தள்ளி வைப்பது நல்லது.

கைப்பேசியும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். படம் முழுக்க மஞ்சளாக இருந்தால், வெளிச்சமே மஞ்சள் என்று எண்ணி அது நீலத்தைக் கூட்டிவிடக்கூடும். மூலையில் வெள்ளை வேட்டியின் ஓரம் கொஞ்சம் தெரிகிற மாதிரி எடுத்தால், வேட்டி வெள்ளையாக வந்திருக்கிறதா என்று பார்த்தே நிறத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு வெட்டிவிடுங்கள்.

அந்த வேட்டிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வெயில் விழும் ஜன்னலில் அதை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள். குடத்தை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சமும் கலந்தால் நிறம் குழம்பும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். பக்க வெளிச்சத்தில் ஒவ்வொரு மணியிலும் ஊசிமுனை அளவு ஒரு மினுக்கம் விழுமே, பாசியின் உயிரே அதுதான். பிளாஷ் அடித்தால் எல்லா மணியிலும் ஒரே வெள்ளைப் பொட்டு.

பாசி தெளிவாகத் தெரியட்டும் என்று கைப்பேசியை மாலையோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். மிக நெருங்கினால் குடத்தின் வயிறு உப்பும், கூர்மையும் போகும். ஓர் அடி விலகி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். திரையில் நடு மணியைத் தொட்டு அங்கே குவியுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள். நைலான் நரம்பையும் மெல்லிய கொக்கியையும் அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடுவதுண்டு.

ஜிமிக்கிக்குக் குடம் சரிவராது. ஒரே நிறத்தில் பின்னிய வயர்க்கூடை இருந்தால், பின்னலின் இடுக்கில் கொக்கியை மாட்டுங்கள். காதில் தொங்குவது போலவே தொங்கும், பின்னலின் கட்டங்களும் பாசியைவிடப் பெரியவை. கொலுப் பொம்மையும் குழந்தைகள் விளையாடும் குட்டிச் செப்புச் சாமானும் பார்க்க அழகாக இருந்தாலும் ஜிமிக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். செப்புப் பானைக்கு அருகே அரை அங்குல ஜிமிக்கியும் கோயில் மணி போலத் தெரியும். பார்சலைப் பிரித்தவர் ஏமாந்துபோவார். இரண்டாவது படமாக, உள்ளங்கையில் 10 ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று எடுத்து அனுப்புங்கள். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், விளக்கமே தேவைப்படாது.

குங்குமம், மஞ்சள்தூள் இரண்டும் நகைக்கு அருகிலேயே வர வேண்டாம். மணியின் துளைக்குள் புகுந்து நூலில் ஏறிவிட்டால், மாலையைப் பிரித்துக் கோப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தின் மேலே இருக்கும் எச்டி என்பதைத் தொட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும்; அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது உங்கள் 2 மில்லிமீட்டர் மணிதான்.