ஐஜிபிடி மாத்தியும் மறுபடி வெடிக்குதா?

நண்பரே, உலோகம் வெட்டுற 415 வோல்ட் மூணு ஃபேஸ் பிளாஸ்மா கட்டரில் புது ஐஜிபிடி (பெரிய கரண்டை வேகமா ஆன்-ஆஃப் பண்ற பவர் டிரான்சிஸ்டர்) போட்டு ஆன் பண்ணினதும் அதுவும் வெடிச்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இன்னொண்ணு வாங்கிடாதீங்க. ஐஜிபிடி சாகும்போது பல நேரம் கேட் டிரைவரையும் (ஐஜிபிடியை ஆன்-ஆஃப் பண்ண பல்ஸ் கொடுக்கிற சர்க்யூட்) கூட்டிட்டுப் போயிடும். கேட் ரெசிஸ்டர், ஜீனர், டிரைவர் ஐசி மூணையும் வெடிக்காத ஐஜிபிடி பக்கத்துல இருக்கிற அதே பாகங்களோட ஒப்பிட்டு அளந்து பாருங்க. அவுட்புட் டயோடு ஷார்ட்டா இருந்தாலும் இதே கதைதான்.

ஆனா இதையெல்லாம் தொடறதுக்கு முன்னாடி, முதல்ல மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற மெயின் கெப்பாசிட்டரைக் கவனிங்க. அதுல 580 வோல்ட் டிசிக்கு மேல நிக்கும். பிரேக்கரை அணைச்ச கையோட தொடாதீங்க. ரெசிஸ்டர் வழியா வடிச்சு, மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத் தொடுங்க. ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்றதெல்லாம் வீரம் இல்லை.

டிரைவர் பல்ஸ் சரியா வந்தா, கெப்பாசிட்டருக்கும் ஐஜிபிடிக்கும் நடுவுல மூணு 100 வாட் குண்டு பல்பைத் தொடரா போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஷார்ட் இன்னும் போகலை.