பிள்ளையோடு இருக்க நீதிமன்றம் கொடுத்த நேரம் போதவில்லை: மேல்முறையீடு செய்யலாமா?

விவாகரத்துக்குப் பிறகு மகளைப் பார்க்க மாதம் இரண்டு ஞாயிறுகள்தான் நீதிமன்றம் கொடுத்திருக்கிறது, மேல்முறையீடு செய்தால் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் முதலில் கெடுவைப் பாருங்கள். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தியாவில் குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, 19-ஆம் பிரிவின்படி 30 நாள். கனடாவின் விவாகரத்துச் சட்டத்திலும் 30 நாள்தான். இங்கிலாந்தில் பொதுவாக 21 நாள். மனசு ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் கெடு போய்விடும்.

அடுத்து, இது இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட உத்தரவா, விசாரணை நடந்து வந்த தீர்ப்பா? இந்தியாவின் அதே 19-ஆம் பிரிவு, சம்மதத்தின் பேரில் வந்த உத்தரவுக்கும் இடைக்கால உத்தரவுக்கும் மேல்முறையீடு இல்லை என்கிறது.

இனி முக்கியமான விஷயம். மேல்முறையீட்டில் உங்கள் வழக்கை முதலிலிருந்து திரும்பக் கேட்க மாட்டார்கள். கீழ் நீதிபதி சட்டத்தைத் தவறாகப் பார்த்தாரா, முக்கியமான சாட்சியத்தை விட்டுவிட்டாரா, காரணம் சொல்லாமல் முடிவெடுத்தாரா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். 'நானாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் கொடுத்திருப்பேன்' என்று மேல் நீதிபதிக்குத் தோன்றினால்கூட, அதற்காக மட்டும் பொதுவாகத் தீர்ப்பை மாற்ற மாட்டார்.

நான் இந்த வழியாக வந்தவன். எங்கள் வக்கீல் முதல் நாளே தீர்ப்பின் நகலை என் பக்கம் திருப்பி வைத்து, "உங்க கஷ்டத்தை அப்புறம் கேட்கிறேன். இதுல எது விடுபட்டிருக்குன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். பென்சிலும் கையுமாக வரி வரியாகப் படித்தோம். மகனிடம் பேசிய மனநல ஆலோசகரின் அறிக்கை விசாரணையில் தாக்கலாகியிருந்தது. தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டோம். மேல் நீதிமன்றம் தானே நேரத்தைக் கூட்டிக் கொடுக்கவில்லை. அறிக்கையையும் பார்த்து மறுபடி முடிவெடுக்கச் சொல்லி கீழ் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. பள்ளி விடுமுறையில் பாதி எனக்குக் கிடைத்தது அங்கேதான்.

உங்கள் தீர்ப்பில் அப்படி ஓட்டை எதுவும் இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். பிள்ளை சம்பந்தப்பட்ட உத்தரவு காலத்துக்கும் கல்வெட்டு அல்ல. நீங்கள் பக்கத்திலேயே வீடு மாறியிருக்கலாம், வேலை நேரம் மாறியிருக்கலாம், மகள் வளர்ந்து அவளே கூடுதல் நேரம் கேட்கலாம். நிலைமை மாறிவிட்டது என்று காட்டி, உத்தரவை மாற்றக் கோரி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. நிறையப் பேருக்கு மேல்முறையீட்டைவிட இதுதான் பொருத்தமான வழி என்பது என் எண்ணம். புதிய ஆதாரங்களுக்கும் இதுவே சரியான இடம்.

எந்த வழியில் போனாலும் 'என் உரிமை' என்று ஆரம்பிக்காதீர்கள். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவும், பெற்றோர் இருவரோடும் தொடர்பில் இருப்பதைப் பிள்ளையின் உரிமையாகத்தான் சொல்கிறது, அது பிள்ளைக்குக் கேடாக இல்லாதவரை. உங்கள் மகளுக்கு அந்த ஞாயிறுகள் ஏன் போதவில்லை என்று எழுதுங்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே பழைய உத்தரவு நின்றுவிடாது. தனியாகத் தடை வாங்காதவரை அதன்படிதான் நடக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரும்ப விட வேண்டும் என்றால், ஆறு மணிக்கு விடுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மகள் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவளிடம் பேசவும் வேண்டாம். மனுவிலும் "கூடுதல் நேரம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் அழைத்து வருவது, விடுமுறையில் எந்தப் பாதி என்று எழுதிக் கொடுங்கள்.